புரொஜெக்டர் மக்கர் செய்கிறதா? முதலில் மெனுவைத் திறந்து பாருங்கள்

புரொஜெக்டரில் படம் வரவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் இரண்டு காரியம்தான் செய்வார்கள். கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார்கள், அப்புறம் மெயின் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவார்கள். முதலாவதால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டாவது, லேம்ப் வைத்த புரொஜெக்டராக இருந்தால், நன்றாக இருக்கும் லேம்பையும் சாகடிக்கிற வேலை; ஏன் என்று கீழே வருகிறது.

நான் முதலில் தொடுவது ரிமோட்டின் மெனு பொத்தானை. திரையில் வரும் அந்த மெனுப் பெட்டி லேப்டாப்பிலிருந்து வருவதில்லை, புரொஜெக்டரே உள்ளுக்குள் வரைந்து காட்டுவது. அதனால் படத்தில் தெரியும் கோளாறு மெனுவிலும் அப்படியே தெரிந்தால் வில்லங்கம் புரொஜெக்டருக்குள்: லேம்ப், லென்ஸ், படத்தை உருவாக்கும் பேனல், இவற்றில் ஏதோ ஒன்று. மெனு பளிச்சென்று இருந்து படம் மட்டும் கெட்டிருந்தால் கேபிளையோ லேப்டாப்பையோதான் சந்தேகப்பட வேண்டும். எப்போதாவது கேபிள் செருகும் போர்ட்டே பழுதாகி இருக்கும், அதற்கு வேறு போர்ட்டில் மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் படம் முழுக்க மஞ்சள் பூத்துவிட்டது, வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் எலுமிச்சைத் தோல் மாதிரி இருக்கிறது. பார்க்க வந்தவர் "லேம்புக்கு வயசாயிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போனார், நானும் புது லேம்ப் வாங்கி மாட்டினேன். படம் பிரகாசமானது, மஞ்சளும் அதே அளவு பிரகாசமானது. கடுப்பில் செட்டிங்ஸை நோண்டலாம் என்று மெனுவைத் திறந்தால், அந்தப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்து வெள்ளையாகவே நிற்கிறது! அப்புறம்தான் விஜிஏ கேபிளை (மூன்று வரிசை ஊசி வைத்த பழைய வகை) கழற்றி முனைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் வரிசையில் மூன்றாவது ஊசி மட்டும் மடங்கிப் பக்கவாட்டில் படுத்திருந்தது. அதைத் தவிர வேறு ஒரு குறையும் இல்லை.

சரி, இனி அறிகுறி அறிகுறியாகப் போகலாம்.

சுவிட்ச் போட்டும் ஒரு விளக்குகூட எரியவில்லை

பவர் கேபிள் புரொஜெக்டர் பக்கத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள், மேலே கூரையில் தொங்கும் புரொஜெக்டர்களில் நாளடைவில் இது தானாகத் தளர்ந்துவிடும். அதே பிளக்கில் வேறு ஏதாவது ஒரு சாதனத்தைப் போட்டு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள், வேறு பவர் கேபிளும் மாற்றிப் பாருங்கள். இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் உள்ளே இருக்கும் பவர் சப்ளை போயிருக்கலாம். அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, வெளிச்சம் மட்டும் வரவில்லை

காதைக் கொடுத்துக் கேளுங்கள். லேம்பைப் பற்றவைக்க முயலும்போது மெல்லிய ஒரு "டிக்" சத்தம் வரும். சில முறை முயன்று பார்த்துவிட்டு, லேம்ப் என்று எழுதியிருக்கும் விளக்கைச் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ காட்டிவிட்டு அது ஓய்ந்துவிடும். இந்தச் சின்ன விளக்குகள் எந்த நிறத்தில் எத்தனை தடவை சிமிட்டுகின்றன என்பதுதான் புரொஜெக்டர் நம்மிடம் பேசும் பாஷை. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லேம்ப் மாற்றிய கையோடு இந்தக் கோளாறு வந்திருந்தால், பத்தில் பாதி முறை லேம்ப் மூடிதான் காரணமாக இருக்கும். அந்த மூடிக்கு அடியில் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு, மூடி சரியாக அழுந்தி மூடினால்தான் லேம்புக்கு மின்சாரம் போகும். ஸ்க்ரூவை முழுதாக முறுக்காமல் விட்டாலே போதும், பற்றாது.

இன்னொன்று, சற்றுமுன்தான் ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் போய் வந்தது, இப்போது பிடிக்க மாட்டேன் என்கிறது என்றால் பயப்பட வேண்டாம். இந்த லேம்ப்கள் பாதரச ஆவி லேம்ப்கள். எரியும்போது உள்ளே அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு வரை ஏறும். சூடு இறங்கி அந்த அழுத்தம் தணியாமல் மறுபடி தீப்பொறி பிடிக்காது. கால்மணி நேரம் சும்மா விட்டுவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவது ஏன் கெடுதல் என்பதும் இதுதான்: ஃபேன் ஓடி ஆற்ற வேண்டிய நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தினால் அத்தனை சூடும் உள்ளேயே நிற்கிறது, அந்தச் சூட்டில் இருப்பதைப் பற்றவைக்கத் திரும்பத் திரும்ப உயர் மின்னழுத்தம் போகிறது. ரிமோட்டில் அணையுங்கள், ஃபேன் ஓய ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், ஓய்ந்த பிறகு பிளக்கைத் தொடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடம் என்றால் அந்த இரண்டு நிமிடத்துக்காகவே ஒரு யூபிஎஸ் வைக்கலாம்.

நிஜமாகவே லேம்ப் தீர்ந்துவிட்டது என்றால் மாற்றுவது கடினமில்லை. குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். புது லேம்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி கண்ணாடி அங்கேதான் விட்டுக்கொடுக்கும். தொட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்துவிடுங்கள். மாட்டிய பிறகு மெனுவில் லேம்ப் நேரத்தைப் பூஜ்யமாக்க மறக்க வேண்டாம். லேம்பை மாற்றாமல் நேரத்தை மட்டும் பூஜ்யமாக்கி எச்சரிக்கையை அடக்கும் புத்திசாலிகளும் உண்டு. எந்த நேரம் வெடிக்கும் என்று தெரியாத லேம்பைத் தலைக்கு மேல் எரியவிடுவது எனக்குச் சரிப்படவில்லை. ஒருவேளை "டப்" என்று வெடித்துவிட்டால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுங்கள், உள்ளே இருந்தது பாதரசம். பழைய லேம்பும் சாதாரணக் குப்பையில் போகக் கூடாது.

கொஞ்ச நேரம் ஓடி, தானாக அணைந்துவிடுகிறது

எல்லாக் கோளாறுகளிலும் அதிகம் வருவது இதுதான், எளிதாகத் தீர்வதும் இதுதான். பத்து இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும், ஃபேன் சத்தம் ஏறும், சூட்டைக் காட்டும் டெம்ப் விளக்கு சிவக்கும், படம் போய்விடும். ஆறவிட்டுப் போட்டால் மறுபடி ஓடும், ஆனால் இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாக அணையும். சூடு தாங்காமல் புரொஜெக்டர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஃபில்டரைக் கழற்றுங்கள். பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு சின்னக் கதவுக்குள் இருக்கும். முதல் தடவை கழற்றுகிறவர்கள் மேலே படிந்திருக்கும் சாம்பல் நிறக் கம்பளியையே ஃபில்டர் என்று நினைத்துவிடுவார்கள். அது தூசு. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பினால் பாய் சுருட்டுவது போல ஒரே தகடாக உரிந்து வரும், அடியில்தான் ஃபில்டரின் நிஜமான கருப்போ வெள்ளையோ தெரியும். மென்மையான பிரஷ் மாட்டிய வாக்கும் கிளீனரால், குறைந்த இழுவையில், வெளிப்பக்கத்திலிருந்து உறிஞ்சுங்கள். கையேடு அனுமதித்தால் ஒழியத் தண்ணீரில் கழுவாதீர்கள். கிழிந்திருந்தால் புதிது போடுங்கள், ஃபில்டர் இல்லாமல் மட்டும் ஓட்டவே வேண்டாம்.

டப்பாவில் அடைத்த காற்று ஸ்பிரேயைக் கையில் எடுப்பவர்களுக்கு: பல டப்பாக்களில் தீப்பிடிக்கும் வாயுதான் தள்ளுவிசை. சூடான லேம்புக்குப் பக்கத்தில் அதை அடிப்பது விஷப்பரீட்சை. அதோடு, வெளியே வர வேண்டிய தூசை அது உள்ளே லென்ஸ் பக்கம் தள்ளிவிடும்.

புரொஜெக்டர்களில் எல்சிடி பேனல் வழியாக ஒளியைவிட்டுப் படம் காட்டுவது ஒரு வகை, சிப்பில் உள்ள குட்டிக் கண்ணாடிகளால் படம் காட்டும் டிஎல்பி இன்னொரு வகை. பல டிஎல்பி புரொஜெக்டர்களில் ஃபில்டரே இருக்காது, ஒளி போகும் பாதையை அடைத்தே செய்திருப்பார்கள். தேடிக் களைக்காமல் காற்று போய் வரும் துவாரங்களை மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் சூடேறினால் வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். உயரம் போதவில்லை என்று நாலு காகிதத்தை அடியில் வைத்திருப்பார்கள், அதில் ஒன்றை அடித்துவாரம் உறிஞ்சி இழுத்து அப்படியே ஒட்டவைத்திருக்கும். மேசை விரிப்பும் இதே வேலையைச் செய்யும். சூடான காற்று வெளியேறும் பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் அதே காற்று சுற்றி உள்ளே வரும், ஒரு முப்பது சென்டிமீட்டராவது விடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் ஓட்டினால் மெனுவில் உயரமான இடத்துக்கான ஃபேன் செட்டிங் இருக்கும், அதைப் போடுங்கள். அங்கே காற்று அடர்த்தி குறைவு, அதே ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் அதே அளவு ஆறும்.

இத்தனைக்கும் பிறகு சூடு குறையவில்லை என்றால், ஏதாவது ஒரு ஃபேன் நின்றிருக்கலாம், அது சர்வீஸ் வேலை.

"நோ சிக்னல்"

இந்த எழுத்து வந்தாலே பாதி நிம்மதி, ஏனென்றால் லேம்பும் பேனலும் லென்ஸும் உயிரோடு இருப்பதால்தான் அதை உங்களால் படிக்க முடிகிறது. ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தி, நீங்கள் செருகியிருக்கும் போர்ட்டைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ ஒன்றில் செருகிவிட்டு எச்டிஎம்ஐ இரண்டைப் பார்த்துக்கொண்டிருக்காத ஆள் கிடையாது. விண்டோஸ் லேப்டாப் என்றால் விண்டோஸ் பொத்தானோடு பி எழுத்தைச் சேர்த்து அழுத்தி, இரண்டிலும் ஒரே படம் வரும்படி மாற்றுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் எல்லாவற்றையும் அணைத்து, கேபிளைச் செருகி, முதலில் புரொஜெக்டரைப் போட்டு அது முழுதாக எழுந்த பிறகு லேப்டாப்பைப் போடுங்கள். "எனக்கு இன்னின்ன ரெசல்யூஷன் தெரியும்" என்று புரொஜெக்டர் சொல்வதைக் கேட்டுத்தான் லேப்டாப் படத்தை அனுப்பும், அந்தப் பேச்சுவார்த்தை சில சமயம் பாதியில் அறுந்துபோகும். அப்புறம் கேபிள். பத்து மீட்டருக்கு மேல் போனாலே சாதாரண எச்டிஎம்ஐ கேபிள்கள் தடுமாற ஆரம்பிக்கும், படம் வந்து வந்து போகும், இல்லை பொட்டுப் பொட்டாக மின்னும். இரண்டு மீட்டர் கேபிளில் நேரடியாகச் செருகிப் பாருங்கள், படம் வந்தால் சுவருக்குள் போகும் நீளக் கேபிள்தான் குற்றவாளி. லேப்டாப்பில் ரெசல்யூஷனை 1080, 60 ஹெர்ட்ஸ் என்று இறக்கினால் நீளக் கேபிளே தாக்குப்பிடிப்பதும் உண்டு.

எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் ஒருவழிப் பாதை. அதையே திருப்பிப் போட்டு விஜிஏ லேப்டாப்பை எச்டிஎம்ஐ புரொஜெக்டரில் மாட்ட முடியாது. டைப்-சி போர்ட் இருக்கிறது என்பதற்காக அதில் படம் வரும் என்பதும் இல்லை, சில லேப்டாப்களில் அது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். எல்லாம் நன்றாகத் தெரிந்து, சினிமா ஆப்பைத் திறந்தால் மட்டும் சத்தம் வந்து படம் கறுப்பாக இருந்தால் கோளாறே இல்லை. எச்டிசிபி என்ற நகல் தடுப்பு அது, நடுவில் மாட்டியிருக்கும் மலிவான ஸ்ப்ளிட்டரோ அடாப்டரோ அதற்கு ஒத்துவரவில்லை.

நிறம் தப்பாக இருக்கிறது

மெனு சுத்தமாக இருந்து, விஜிஏ கேபிள் என்றால், ஊசிகளை எண்ணுங்கள். ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, மூன்று நீலம். சிவப்பு போனால் படம் பச்சைநீலமாகும், பச்சை போனால் மெஜந்தா, நீலம் போனால் என் கதை மாதிரி மஞ்சள். நடு வரிசையில் ஒன்பதாவது ஊசி பல கேபிள்களில் பிறவியிலேயே இருக்காது, அதைப் பார்த்து அலற வேண்டாம். மடங்கிய ஊசியை நிமிர்த்த இடுக்கியை நுழைத்தால் பக்கத்து ஊசியும் மடங்கும். குச்சி போட்டு அழுத்தும் மைக்ரோடிப் பென்சிலில் குச்சியை எடுத்துவிட்டு, அந்த வெறும் உலோக முனையை ஊசிக்கு மேல் குழாய் மாதிரி மாட்டி மெதுவாக நிமிர்த்துங்கள். ஒரு தடவை நிமிரும். அடிக்கடி வளைத்தால் ஒடிந்துவிடும்.

மெனுவிலும் நிறம் கெட்டிருந்தால், முதலில் கலர் மோடைப் பாருங்கள். மிக அதிகப் பிரகாசம் தரும் மோடில் பல புரொஜெக்டர்கள் பச்சையடிக்கும், சுவர் நிறத்துக்கு ஏற்ற செட்டிங்கை யாரோ மாற்றியிருந்தாலும் சாயம் வரும். இதெல்லாம் சரியாக இருந்தும் எல்சிடி வகையில் மஞ்சள் திட்டோ நீலத் திட்டோ மேகம் போலப் பரவியிருந்தால், உள்ளே நீல ஒளிப்பாதையில் உள்ள போலரைசர் என்ற ஒளி வடிகட்டும் படலம் சூட்டில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபில்டரை மாதக்கணக்கில் மறந்ததன் கூலி அது, வீட்டில் சரிசெய்ய முடியாது. டிஎல்பி வகையில் நிறங்கள் இடம் மாறி மாறித் துடித்தாலோ, கிரீச்சென்ற சத்தம் கேட்டாலோ கலர் வீலைச் சந்தேகப்படுங்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் வண்ணக் கண்ணாடித் தட்டு அது, பேரிங் தேய்ந்தால் முதலில் சத்தம் வரும், அப்புறம் ஒரு நாள் நின்றே போகும். கண்ணைச் சட்டென்று திருப்பும்போது மட்டும் வானவில் கீற்றுத் தெரிந்தால் அது கோளாறில்லை, ஒரு சிப் டிஎல்பியின் சுபாவம்.

படத்தில் புள்ளி, திட்டு

இருட்டுக் காட்சியில் பச்சையாகவோ நீலமாகவோ மங்கலான ஒரு திட்டு தெரியும், எல்லாரும் உடனே லென்ஸைத் துடைக்கப் போவார்கள். லென்ஸ் மேல் இருக்கும் தூசு படத்தில் புள்ளியாகத் தெரியாது, அது மொத்தப் படத்தையும் கொஞ்சம் வெளிறச் செய்யும், அவ்வளவே. ஃபோகஸை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். படம் மங்க மங்க அந்தத் திட்டு மட்டும் கூர்மையாகி ஒரு நூல் துண்டு, ஒரு மயிர் என்று உருவம் காட்டினால், தூசு உள்ளே பேனலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

டிஎல்பியில் வேறு மாதிரி வரும்: கறுப்புப் பின்னணியில் நட்சத்திரம் பூத்தது போல வெள்ளை வெள்ளைப் புள்ளிகள், முதலில் ஒன்று, வாரம் கழித்து ஐந்து, அப்புறம் எண்ண முடியாது. 1024-க்கு 768 சிப்பில் மொத்தம் 7,86,432 குட்டிக் கண்ணாடிகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். அவற்றில் சில ஒரே பக்கம் சாய்ந்து மாட்டிக்கொண்டதால் வரும் புள்ளிகள் இவை. துடைத்தோ தட்டியோ போகாது, சிப்பையே மாற்ற வேண்டும்.

லென்ஸை நிஜமாகவே துடைக்க வேண்டி வந்தால், அணைத்து ஆறவிட்டு, கைப்பம்பால் ஊதி மணல் துகளைத் தள்ளிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வட்டமாக. லென்ஸ் திரவத்தைத் துணியில் தெளியுங்கள், லென்ஸ் மேல் வேண்டாம். சட்டை நுனி வேண்டவே வேண்டாம்.

மங்கல், சிமிட்டல், தெளிவின்மை

லேம்புக்கு 3000 மணி நேரம் ஆயுள் என்று போட்டிருந்தால், அத்தனை நேரத்தில் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்றுதான் வழக்கமாக அர்த்தம். அதனால் மெனுவில் மணிக் கணக்கைப் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைத்து மின்சாரம் மிச்சம்பிடிக்கும் ஈகோ மோடில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், பலரும் அங்கேயே சிக்கிக்கொள்வார்கள். ஈகோவில் வெளிச்சம் சிமிட்டினால் ஒன்றிரண்டு நாள் முழுப் பிரகாசத்தில் ஓட்டிப் பாருங்கள், பல சமயம் அடங்கிவிடும். லேசர், எல்இடி வகைகளுக்கு 20,000 மணி நேரம் என்பது சகஜம், அவற்றில் திடீரென்று மங்கினால் சூட்டையும் தூசையும்தான் முதலில் நினைக்க வேண்டும்.

எழுத்து தெளிவாக இல்லை என்றால் போட்டவுடன் ஃபோகஸ் வைக்காதீர்கள். லென்ஸ் சூடேறினால் ஃபோகஸ் கொஞ்சம் நகரும், இருபது நிமிடம் பொறுத்து மெனு எழுத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல் என்றால் புரொஜெக்டர் திரைக்கு நேராக இல்லை. அதைக் கீஸ்டோன் பொத்தானால் சமாளிக்கிறார்கள்; கீஸ்டோன் படத்தைச் சுருக்கித்தான் நேராக்குகிறது, சுருக்கிய இடத்தில் பிக்சல் வீண். மேசையை நகர்த்துவது எப்போதும் மேல். மெனு எழுத்து கூர்மையாக இருந்து படம் மட்டும் நொளநொளவென்று இருந்தால், லேப்டாப் ரெசல்யூஷனை புரொஜெக்டரின் சொந்த ரெசல்யூஷனுக்குக் கொண்டுவாருங்கள். அட்டைப்பெட்டியில் "1080 சப்போர்ட்" என்று இருப்பது அந்தச் சிக்னலை ஏற்கும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம், சொந்த ரெசல்யூஷனைக் குறிக்கும் நேட்டிவ் என்ற வார்த்தைக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

படம் தலைகீழ், அல்லது எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல: மெனுவில் புரொஜெக்‌ஷன் என்ற இடத்தில் முன், பின், கூரை என்று இருக்கும், மாற்றுங்கள். சத்தம் லேப்டாப்பிலேயே வருகிறது: லேப்டாப்பில் சவுண்ட் அவுட்புட்டை புரொஜெக்டருக்கு மாற்றுங்கள்; விஜிஏவில் சத்தம் போகவே போகாது, தனி ஆடியோ கேபிள் வேண்டும்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் அதன் மூக்கை மொபைலின் முன் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதாவாக ஒரு பொட்டு மினுக்கினால் ரிமோட் நன்றாகத்தான் இருக்கிறது, புரொஜெக்டரின் சென்சார் மேல் வெயிலோ விளக்கோ நேராக விழுகிறதா என்று பாருங்கள். மினுக்கவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள், ஒன்று தலைகீழாக இருக்கும்.